மருமவனுக்கு ஒரு தியரி வேணுமாம்

ஏ மருமவனே, நீ குடுத்துட்டுப் போன பள்ளிக்கூட நோட்டீசு அத்தனையையும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒண்ணு விடாம வாசிச்சிட்டேன். அடேயப்பா! ஒருத்தன் மாண்டிசோரிங்கான், ஒருத்தன் பியாஜேங்கான், இன்னொருத்தன் எட்டு வகை புத்திங்கான். ஒன் பயலுக்கு வயசு நாலு. மூக்கு ஒழுகுதது இன்னும் நிக்கல. அதுக்குள்ள அவனுக்கு எந்தத் தியரி பொருந்தும்னு நீயும் ஒன் வீட்டுக்காரியும் நடுச்சாமம் வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு இருக்கிய. இருக்கட்டும். நம்ம பாட்டன்மாரு பிள்ள பொறந்தா சாதகம் எழுதுனாவ. நீ தியரி பாக்க. ரெண்டுலயும் பிள்ளைய யாரும் ஒரு வார்த்த கேக்கதில்ல. செலவு மட்டும் இதுல கூட.

பம்பாய் பாண்டுப் மலை மேல ஒக்காந்திருக்க கெழவன்கிட்ட யோசனை கேட்டுட்ட. எல்.பி.எஸ். ரோட்டுல ஆலைச் சங்கு ஊதுனா எந்திரிச்சு ஓடுனவன் நான். அந்த ஆலையெல்லாம் இப்ப மாலும் டவருமா ஆயிட்டு. எனக்கும் பொழுது போகணும்லா? வாசிக்கேன். வாசிச்சதச் சொல்லுதேன், கேட்டுக்க.

மொதல்ல அந்த மாண்டிசோரி அம்மா. நோட்டீசு வழுவழுன்னு இருக்கு, பீஸு ஒன் ஆறு மாசச் சம்பளத்த முழுங்கிரும் போலுக்கு. அந்த அம்மா இத்தாலிக்காரி, டாக்டரு. 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் பட்டணத்துல சான் லொரென்சோங்கிற ஏழபாழைங்க பகுதியில மொதல் பள்ளியத் தொடங்குனா. எதுக்குத் தொடங்குனாங்கதுதான் வேடிக்கை. அப்பனும் ஆத்தாளும் விடிஞ்சதும் வேலைக்குப் போயிருதாவ. பிள்ளையள் மாடிப்படியில ஏறிக் குதிச்சு, சொவத்தையெல்லாம் கிறுக்கி நாசம் பண்ணுதுவ. கட்டடத்துக்காரவுகளுக்கு வெள்ளையடிச்சு மாளல. இதுகள ஒரு அறையில போட்டுப் பாத்துக்க ஆளு வேணும்னு அந்த அம்மாவத் தேடி வந்தாவ. கத இவ்வளவுதான். நம்ம டெம்பிபாடா சால் வரிசை வீடுகள்ல நடக்க கூத்துக்கு அவ கண்ட வைத்தியம் அது. சால்ல பொறந்த படிப்பு இன்னைக்கு டவர்ல லிப்டு புடிச்சு ஏறிக்கிட்டு, சால்காரன் பிள்ளைக்கு வாட்ச்மேன வச்சு வழிமறிக்கி.

அந்த அம்மா நம்ம பக்கமும் வந்திருக்கா. 1939-ல சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வாத்தியாருமாருக்குப் பயிற்சி குடுக்க வந்தா. மறு வருசம் இத்தாலி சண்டையில குதிச்சதும் வெள்ளக்காரன் அவுகள எதிரி நாட்டு ஆளுகன்னுட்டான். மகன் மரியோவக் கொண்டுபோயி நம்ம அகமத்நகர் முகாம்ல அடைச்சான். அம்மாவுக்கு 70 வயசு நெறைஞ்ச அன்னைக்குப் பொறந்தநாள் பரிசா மகன விட்டான். பொறவு கொடைக்கானல்ல மலை மேல கெடந்து, பூச்சி புழு செடி கொடியெல்லாம் காட்டிப் பிள்ளையளுக்குப் படிப்புச் சொன்னா. எதிரின்னு அடைச்சு வச்ச ஊருலயே ஆயிரத்துக்கு மேல வாத்தியாருமாரத் தயார் பண்ணிட்டுல்லா போனா!

அந்தப் பேர எவனும் போர்டுல எழுதிக்கிடலாம், தெரியுமா? யாருக்கும் சொந்தம் கெடையாது. அதனால நீ பாக்கப் போகும்போது ஏசி ரூமுல ஒக்காந்து காப்பி குடிச்சிட்டு வந்திராத. பிள்ளையள் இருக்க எடத்துல ஓரமா அரை மணி நேரம் நிக்கணும்னு கேளு. பிள்ள தானா ஒரு சாமான எடுத்து, தானா செஞ்சு முடிச்சு, எடுத்த எடத்துலயே கொண்டு வச்சா சரி. நாப்பது பிள்ளையளும் ஒரே மூச்சுல 'ஏ ஃபார் ஆப்பிள்'னு கத்துனா, மாண்டிசோரி போர்டுல மட்டுந்தான் இருக்கா. நிக்க விடமாட்டோம்னா அதுலயே பதில் இருக்கு, பீஸு மிச்சம்.

மாண்டிசோரிய மலிவா நடத்துனவுகளும் நம்ம பக்கம் உண்டு. தாதர் போயி மேற்கு லைன் வண்டியப் புடிச்சா தகானு வரைக்கும் லோக்கல் இருக்குலா? அதுக்கு அந்தால போர்டின்னு ஒரு ஊரு. அங்க 1945-ல தாராபாய் மோடக்குன்னு ஒரு அம்மா பால்வாடி தொடங்குனா. கூட அனுதாய் வாக். மாண்டிசோரி சொன்ன சாமானெல்லாம் விலை கூடன்னு தெரிஞ்சதும் கல்லு, கொட்டை, சிப்பி, எலைன்னு அங்க கெடந்தத வச்சே நடத்துனாவ. பெறகு கோஸ்பாடு மலைக்குப் போனாவ. அங்க வார்லிப் பழங்குடிப் பிள்ளையள் பள்ளிக்கு வராது, மாடு மேய்க்கப் போயிரும். சரி, மாடு மேயுத எடத்துலயே பள்ளிக்கூடம்னுட்டாவ. நோட்டீசு அடிக்கல, யூனிபாரம் இல்ல. ஒன் வீட்டுக்காரிகிட்ட இதச் சொல்லு. 'மாட்டுக்குப் பக்கத்துலயா?'ன்னு மூஞ்சியச் சுளிப்பா, பாரு.

ரெண்டாவது நோட்டீசு பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரரு, 1896-ல பொறந்தவரு. தன் பிள்ளையள் மூணையும் பக்கத்துல ஒக்காந்து உத்துப் பாத்து நோட்டுப் போட்டு எழுதுன மனுசன். ஒன்ன மாதிரி போன் வழியாப் பாக்கல. நீயே இன்னைக்கு ராத்திரி செஞ்சு பாரு. வாயகன்ற டம்ளர்ல இருக்க தண்ணிய அவன் கண்ணு முன்னாலயே ஒல்லியான ஒசரக் கிளாஸ்ல ஊத்து. எதுல தண்ணி கூடன்னு கேளு. ஒசரத்துலதான்னு அடிச்சுச் சொல்லுவான். நீ நூறு தரம் விளக்கு, ஒத்துக்கிட மாட்டான். ஏழு வயசு வாக்குல தானாத் தெளியும். அதுக்கு முன்னால தெளிய வைக்கேன்னு எவனாவது பீஸு வாங்குனா, காலண்டரப் பாத்துக் கிழிக்கதுக்குக் கூலி கேக்கான்னு வச்சுக்க.

ஆனா பியாஜேயையும் அப்படியே முழுங்காத. மெக்சிகோவுல குயவர் வீட்டுப் பிள்ளையள வச்சு ஒரு சோதனை செஞ்சாவ. 1969-ல அது அச்சுல வந்துச்சு. களிமண்ண உருட்டுனாலும் தட்டுனாலும் மண்ணு அதே அளவுதான்னு மத்தப் பிள்ளையளவிட அதுகளுக்கு நல்லா வெளங்கி இருந்துச்சு. கையில மண்ண வச்சு வளந்த பிள்ளையள்லா! தாராவி கும்பார்வாடா குயவர் தெருவுல போயி ஒரு பயலக் கேட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. மண்ணு மட்டுமில்ல, தண்ணியும் அப்படித்தான். நம்ம பாண்டுப்ல பாரு, பம்பாய்க்கே தண்ணியச் சுத்தம் பண்ணி அனுப்புத ஆலை இங்கதான் இருக்கு. மலை மேல நம்ம பொம்பளப் பிள்ளையள் இன்னும் கொடம் தூக்குது. தூக்குதது நல்லதுன்னு சொல்ல வரல. தூக்குத பிள்ளைகிட்ட அந்தக் கொடத்துல எத்தனை சொம்புன்னு கேக்க ஒரு டீச்சருக்கும் தோணலியேன்னுதான் சொல்லுதேன்.

அடுத்தது நம்ம வீட்டுத் தியரி. சோறு தின்னா போனு, ஏபிசிடி சொன்னா சாக்லேட்டு. நோட்டீசுல இல்ல, ஆனா நீங்க அதத்தான் நடத்துதிய. இதுக்கும் ஒரு பெரிய மனுசரு இருக்காரு, அமெரிக்காக்கார ஸ்கின்னரு. தீனியப் போட்டுப் போட்டே புறாவப் பிங்பாங் ஆட வச்ச ஆளு. தாதர்ல புறா மொய்ச்ச கபூதர்கானா பக்கம் ஒதுங்கியிருந்தாருன்னா ஒரு டீமே சேத்திருப்பாரு. தீனி வேல செய்யும், இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா 1973-ல லெப்பருங்கவரும் கூட்டாளிகளும் பாலர் பள்ளியில ஒண்ணு செஞ்சு பாத்தாவ. படம் வரையதுல ஆசையுள்ள பிள்ளையள்ல கொஞ்சம் பேருகிட்ட, வரைஞ்சா தங்க முத்திரை போட்ட சர்டிபிகேட் தருவோம்னு முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி குடுத்தாவ. ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாட விட்டா, கூலி வாங்குன அந்தப் பிள்ளையள் மத்தவங்க வரையதுல பாதி நேரந்தான் பேனாவத் தொட்டுச்சு. மிச்சப் பிள்ளையள் பழையபடி வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒன் பய இப்ப வாய்ப்பாடு சொல்லிட்டுக் கைய நீட்டுதான்லா? அது வாய்ப்பாட்டுக்கு நீட்டுத கை இல்ல.

எட்டு வகை புத்திக்காரன் நோட்டீசு இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. கார்ட்னருன்னு ஒரு பேராசிரியரு 1983-ல புத்தி ஒண்ணு இல்ல, பல வகைன்னு புத்தகம் போட்டாரு. நல்ல பேச்சுதான், கணக்குல மக்குன்னு அடி வாங்குனவனுக்கு ஆறுதல். அதப் புடிச்சுக்கிட்டு நம்மாளு என்ன செஞ்சிருக்கான் பாரு, பயலோட பத்து வெரல் ரேகையையும் மிஷின்ல வச்சு எடுத்து, எந்தப் புத்தி எத்தனை சதவீதம்னு கலர் கலரா அச்சடிச்சுக் குடுக்கானாம். கார்ட்னரே அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு கைய ஒதறிட்டாரு. இதுக்குத்தான் ரூவா குடுக்கப் போறேன்னா நம்ம ஊருல ரேகை பாக்கவரு இன்னும் உசுரோடதான் இருக்காரு. வெத்தல பாக்கு வச்சாப் போதும், கல்யாண யோகமும் சேத்துச் சொல்லுவாரு. 'எம் பய கண்ணால பாத்துப் படிக்கவன், காதால கேட்டா ஏறாது'ன்னு ஒன் வீட்டுக்காரி சொன்னாளே, அதையும் 2008-லயே நாலு பேராசிரியருமாரு அலசிப் பாத்துட்டாவ. அப்படிப் பிரிச்சுச் சொல்லிக் குடுத்தா கூடப் படிக்கும்ங்கதுக்கு உருப்படியான சாட்சியம் இல்லன்னுட்டாவ. சாம்பாரு வாசத்துக்கு எந்தத் தெசையில இருந்தாலும் ஓடி வாரானே, அவனுக்கு மூக்கால படிக்க ஒரு பள்ளிக்கூடம் தேடுவமா?

ஒன் மாமனாரு வேற ஒரு பக்கம் அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி வருமான்னு மீசைய முறுக்குதாரு. வரும் வரும். மணல்ல வெரல வச்சு எழுதுனதும், சட்டாம்பிள்ள மத்தவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நெசமாவே நல்ல வித்தைதான். 1789-ல சென்னை எழும்பூருல சிப்பாய்க பெத்த அநாதைப் பிள்ளையள் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியாரு பொறுப்பா இருந்தாரு. நம்ம பிள்ளையள் மணல்ல எழுதுதத எங்கயோ பாத்துட்டு வந்து தன் வாத்தியாருமாருகிட்டச் சொன்னாரு. அவுக கேக்கல. ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பயலக் கூப்புட்டு, நீ சொல்லிக் குடுடான்னாரு. பய குடுத்துட்டான். அத 1797-ல புத்தகமாப் போட்டு இங்கிலாந்து முழுக்கப் பரப்புனாரு. அவரு சொந்த ஊருல இன்னைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னு பள்ளிக்கூடம் இருக்கு. நம்ம சரக்குதான், கப்பலேறிப் போச்சு.

ஆனா மாமனாருகிட்ட ஒண்ணு கேளு. அந்தத் திண்ணையில யாரு ஏறி ஒக்காரலாம்? எங்க அய்யா தெருவுல நின்னு எட்டிப் பாத்தவரு. ஒங்க ஆச்சியளுக்கு அந்தத் தெருவும் கெடையாது. தண்டனைன்னு கோதண்டக் கயித்துல தொங்குனவன் பாடு தனிக் கத. இந்த அனுபவப் படிப்பு, தொழில் படிப்புன்னு யாராவது கண்ண மூடிக்கிட்டுப் பேசும்போதெல்லாம் எனக்கு 1953-தான் ஞாபகம் வரும். பாதி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழிலுன்னு ராஜாஜி ஒரு திட்டம் கொண்டாந்தாரு. எழுதி வச்சா வாசிக்க அழகாத்தான் இருக்கும். யாரு அப்பன் தொழில யாரு படிக்கணும்ங்கதுதான கேள்வி? மறு வருசம் காமராசரு வந்து அதக் கடாசுனாரு. கடாசாம இருந்தா நான் பம்பாய் வண்டி ஏறியிருப்பனா, நீ இப்படி நோட்டீசு தூக்கிக்கிட்டு அலைவியா?

சரி, நெசமாப் பலிச்சது எதுன்னு கேக்க. சொல்லுதேன், ஒனக்குப் புடிக்காது. ஏன்னா பக்கத்துலயே நடந்துச்சு, மலிவா நடந்துச்சு.

நம்ம குர்லா இருக்குலா, எல் வார்டு. அங்க முனிசிபால்டி ஸ்கூலுகள்ல 2001-லருந்து ரெண்டு மூணு வருசம் பிரதம்ங்கிற அமைப்பு ஒரு வேல செஞ்சுச்சு. அங்கயும் குஜராத்து வடோதராவுலயும். மூணாப்பு நாலாப்புல இருக்கும், ஆனா ஒண்ணாப்புப் பாடமே வராது, அப்படிப் பிள்ளையளா பாத்து பதினஞ்சு இருவது பேர வகுப்ப விட்டு வெளிய கூட்டிட்டு வந்து, தெனமும் ரெண்டு மணி நேரம் தனியா ஒக்கார வச்சாவ. சொல்லிக் குடுத்தது யாரு? பத்தாப்பு முடிச்ச, அதே தெருவுல குடியிருக்க கொமரிப் பிள்ளையள். பேரு பால்சகி. ரெண்டே வாரம் பயிற்சி. சம்பளம் மாசம் ஐநூறுலருந்து எழுநூத்தம்பது ரூவா. பிள்ளைக்கு எழுத்து தெரியலன்னா எழுத்துல ஆரம்பி, கூட்டல் வரலன்னா கூட்டல்ல ஆரம்பி. புத்தகம் எத்தனாம் பக்கத்துல நிக்குன்னு பாக்காத, பிள்ள எங்க நிக்குன்னு பாரு. வேற தியரியும் கெடையாது, மந்திரமும் கெடையாது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, இன்னும் ரெண்டு பேரு சேந்து இத அளந்து பாத்தாவ. மொத வருசம் கொஞ்சம் முன்னேறுச்சு, ரெண்டாம் வருசம் அதுக்கு ரெட்டிப்பு. இதுல எனக்குச் சிரிப்பு வந்த எடம் வேற. இருவது பேரு வெளிய போயிட்டாவல்லா, மிச்சப் பேரு இருந்த வகுப்புல கூட்டம் கொறைஞ்சு போச்சு, டீச்சருக்கு வசதி. அந்தப் பிள்ளையள் நல்லாப் படிச்சிருக்கணும்லா? ஒரு முன்னேற்றமும் இல்ல! அதே டீச்சரு, அதே பாடம், காத்தோட்டம் மட்டும் கூட. 'எங்க வகுப்புல இருவதே பிள்ளையள்தான்'னு ஒரு நோட்டீசுல சிவப்பு எழுத்துல போட்டிருந்துச்சே, அத எடுத்து வச்சுக்கிட்டு இத ஒருக்கா யோசி.

இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. பால்சகி இல்லாமப் போன மறு வருசம் பாத்தா, கூடுனதுல பாதிக்கு மேல கரைஞ்சு போச்சு. ஒருக்கா ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போற வைத்தியம் இல்ல இது. அவ இருக்கணும், தெனமும் வரணும், அவளுக்குச் சம்பளம் குடுக்கணும். 2019-ல பானர்ஜிக்கும் டுஃப்ளோவுக்கும், கூட கிரெமருங்கவருக்கும் நோபல் பரிசு வந்துச்சு. நல்ல மனுசங்க, வரட்டும். பால்சகிக்கு மாசம் எழுநூத்தம்பது.

பிள்ள நிக்க எடத்துலருந்து ஆரம்பிக்க இந்த வித்தைக்கு நம்ம தமிழ்நாட்டுலயும் சொந்தக்காரன் உண்டு. விஜயகுமாருன்னு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆந்திராவுல ரிஷிவேலிப் பள்ளிக்காரவுக வச்சிருந்த அட்டை முறையப் பாத்துட்டு, 2003-ல சென்னை மாநகராட்சியில மொதல்ல 13 பள்ளியில செயல்வழிக் கற்றல்னு தொடங்குனாரு. கொஞ்ச வருசத்துல தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளியில பாயி விரிச்சாச்சு. சொவத்துல ஏணிப்படம், ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில நின்னுச்சு. கரும்பலகைய பிள்ள கைக்கு எட்டுத மாதிரிக் கீழ எறக்கிட்டாவ. டீச்சரு நாற்காலிய விட்டுட்டுத் தரையில ஒக்காரணும்னாவ. ஊருல நம்ம சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'டீச்சரு கீழ ஒக்காந்து விளையாடுதா, பாடம் நடத்தல.' அது சொன்னதுல பாதி நெசமாவும் ஆச்சு. சில எடத்துல பிள்ள ஏணியில ஏறுச்சான்னு பாக்காம, அட்டைய எடுத்துச்சான்னு மட்டும் டிக் அடிச்சு மேல அனுப்புனாவ. எந்தத் தியரியையும் ரிஜிஸ்டரா மாத்துததுக்கு நமக்குச் சொல்லித் தரணுமா?

ஒன் பய கத இதுல ஒரு படி கூடச் சிக்கல். வீட்டுல தமிழு, சந்துல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீசு, அது போக மராட்டி. முனிசிபால்டியே எட்டு மொழியில ஸ்கூல் நடத்துத ஊரு இது. போன வாரம் எங்கிட்ட எண்ணிக் காட்டுனான். இருவது வரைக்கும் தமிழு, பொறவு இந்தி, நடுவுல 'தர்ட்டி'. எல்லாருமாச் சிரிச்சிய. நான் சிரிக்கல. தமிழுல அம்பத்தேழுன்னா அம்பது, ஏழு. கேக்கும்போதே கணக்கு தெரியுது. மராட்டியில 57 சத்தாவன். ஏழு முன்னால வந்துருது. 59 ஏகோண்சாட், அறுபதுக்கு ஒண்ணு கொறையன்னு தலைகீழா வருது. மராட்டிப் பிள்ளையளே தெணறுதுன்னுதான் 2019-ல ரெண்டாப்புக் கணக்குப் புத்தகத்துல 'பன்னாஸ் சாத்'ங்கிற மாதிரி நேராவும் சொல்லலாம்னு கொண்டாந்தாவ. கமிட்டிக்குத் தலைவி மங்களா நார்லிகருன்னு கணக்குல பெரிய ஆளு. தெக்கத்தி மொழியில இப்படித்தான சொல்லுதாவன்னும் எடுத்துச் சொன்னா. சட்டசபை வரைக்கும் கேலி போச்சு. நீ அதுக்காகத் தோளத் தட்டிக்கிடாத. நம்ம தொண்ணூறும் தொள்ளாயிரமும் எந்த நேர்வழியில வந்துச்சுன்னு கேட்டா நீயும் முழிப்ப. பய தமிழுல கணக்கப் புடிச்சுக்கிட்டான்னா மத்த மொழியில பேர மட்டும் மாத்திக்கிடுவான். நீங்க என்னடான்னா வீட்டுலயும் இங்கிலீசுலதான் பேசணும்னு ரூல் போட்டிருக்கிய. ஒன் இங்கிலீசக் கேட்டு அவன் எதக் கத்துக்கிடுவான்னு எனக்கு ஒரு பயம் உண்டு.

காலையில ஹாரன் அடிச்சுக்கிட்டு இட்லி கொண்டு வாராரே அண்ணாச்சி, அவரு மவன் லீவு நாள்ல கூட வாரான். ஆறு பிளேட்டு, ரெண்டு வடை, நூறு ரூவா நோட்டு, மிச்சம் எம்புட்டுன்னு கேட்டா கண்ணச் சிமிட்டுததுக்குள்ள சொல்லுதான். ஸ்கூல்ல கணக்குல பெயிலு. அவன மட்டும் சொல்லல. அதே பானர்ஜி, டுஃப்ளோ கூட்டத்தாரு கொல்கத்தாவுலயும் டில்லியிலயும் சந்தையில வேல பாக்க பிள்ளையள வச்சுப் பாத்து 2025-ல 'நேச்சர்' பத்திரிகையில எழுதிட்டாவ. சந்தைக் கணக்குல புலி; அதே மாதிரிக் கணக்கத் தாள்ல எழுதிக் குடுத்தா தெணறுது. இந்தப் பக்கம் ஸ்கூல் பிள்ளையள் தாள்ல போடும், கடையில நின்னா கடைக்காரன் சொன்ன சில்லறைய வாங்கிட்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல பாலம் போட ஒரு ஆளு வேணும். வைகாட்ஸ்கின்னு ஒரு ரஷ்யாக்காரரு, அவரும் 1896-ல பொறந்தவருதான், 37 வயசுல காசநோயில போயிட்டாரு, அவரு சொன்னது அதத்தான்: பிள்ள தனியாச் செய்ய முடிஞ்சதுக்கும், கூட ஒருத்தர் நின்னாச் செய்ய முடியுததுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, படிப்பு அங்கதான் நடக்கும்னாரு.

நம்ம சந்துல கடைசி வீட்டுல ஒரு பிள்ள இருக்கால்லா, பன்னெண்டாப்பு முடிச்சிட்டு காலேஜுக்குப் போறவ. சாயங்காலம் நாலஞ்சு வாண்டுகள ஒக்கார வச்சு கிளாஸ் எடுக்கா. போர்டு கெடையாது. இட்லிக்கார அண்ணாச்சி மவனையும் அவகிட்டத்தான் சேத்திருக்கு. மொத நாளே அவன ரூவா நோட்டு வரைஞ்சு கணக்குப் போடச் சொல்லிருக்கா. நேத்து நானே வாயக் குடுத்துப் பாத்தேன்: "எந்தத் தியரி தாயி?"ன்னேன். "தாத்தா, மொதல்ல அவனுக்கு என்ன தெரியும்னு பாத்துட்டுச் சொல்லுதேன்"னா.

நோட்டீசுக்காரன் கேக்க அட்மிஷன் பீஸுல கால்வாசி அவ கேக்கா. ஒன் வீட்டுக்காரி உள்ள நுழைஞ்சதும் பேரத்த ஆரம்பிச்சிருவா, எனக்குத் தெரியும். அதனால நாளைக்கு நீ மட்டும் வா. ரூவாயக் கையில எடுத்துக்கிட்டு வா. பயலுக்கு சாக்லேட் வாங்கிக் குடுத்துக் கூட்டியாராத.